கியோத்தோ சந்தையில் வாங்கிய பட்டுத் துணி: ஆளே இல்லாமல் விளக்குமாறு மட்டும் எதற்கு?

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். கியோத்தோவில் கித்தானோ தென்மங்கு கோயில் வளாகத்தில் மாதாமாதம் 25ஆம் தேதி சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், துருப்பிடித்த கத்தரிக்கோல் வரை எல்லாம் கிடைக்கும். போன முறை ஒரு பெட்டிக்கு அடியில் மடித்துக் கிடந்த பட்டுத் துணி ஒன்றை 6,000 யென்னுக்கு வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெரியவர் "ஃபுகுசா, ஃபுகுசா" என்று சொல்லி, எதன் மேலோ போர்த்துவதுபோல் கையால் காட்டினார். என் ஜப்பானிய மொழி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

அளந்து பார்த்தேன், 70 செ.மீ.க்கு 66 செ.மீ. கருநீல சாட்டின். மேலே இடப்பக்கத்திலிருந்து ஒரு பைன் மரக்கிளை நீண்டு வருகிறது. கீழே ஒரு விளக்குமாறும், நீளக் கைப்பிடி போட்ட சருகு வாரும் கோலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. சுற்றிலும் உதிர்ந்த பைன் ஊசி இலைகள், எல்லாம் தங்க நூலில். அவ்வளவுதான். பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் குடிக்க உள்ளே போன மாதிரி இருக்கிறது. நான்கு மூலையிலும் குஞ்சம்; ஒன்று அறுந்துபோயிருக்கிறது. பின்பக்கம் சிவப்புப் பட்டு, நடுவில் மூன்று இதய வடிவ இலைகள் சேர்ந்த ஒரு சின்னம். அந்தச் சிவப்பு முன்பக்க ஓரத்தில் தினையளவு அகலத்துக்கு எட்டிப் பார்க்கிறது.

"ஆறாயிரம் கொடுத்து விளக்குமாற்றுப் படமா வாங்கினாய்?" என்கிறார் வீட்டுக்காரர். கூடத்தில் மாட்டலாம் என்றால், ஊரிலிருந்து வரப்போகிற மாமியார் நடுவீட்டில் விளக்குமாறா என்று கேட்பார். இது மேசை விரிப்பா, திண்டு உறையா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வெங்கி_நகோயா:
ஃபுகுசா என்றால் தேநீர்ச் சடங்குத் துணி. தேநீர்த் தூள் வைக்கும் சிமிழையும் மூங்கில் கரண்டியையும் அதை மடித்துப் பிடித்துத் துடைப்பார்கள். ஆண்களுக்கு ஊதா, பெண்களுக்குச் சிவப்பு. என் அலுவலகத்தில் ஒருவர் பயிற்சிக்குப் போகிறார், பார்த்திருக்கிறேன். உங்களுடையது அதிலேயே பெரிய ரகமாக இருக்கும்.

கன்சாய்க்காரி:
வெங்கி, நீங்கள் சொன்ன துணி உண்மை. ஆனால் இது அது இல்லை. ஃபுகுசா என்ற ஒரே பெயரில் மூன்று சாமான்கள் இருக்கின்றன, இங்கே பதினைந்து வருடம் இருந்தும் நானே குழம்பியிருக்கிறேன். ஒன்று தேநீர்த் துணி. அது ஒற்றை நிறம், கைக்குள் அடங்கும், பூவேலை கிடையாது. இன்னொன்று இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பது, கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ பண உறை கொண்டுபோகும்போது சுற்றுகிற துணி. மூன்றாவது காக்கே ஃபுகுசா, அதாவது பரிசின் மேல் போர்த்தும் துணி. நூல்கண்டு வாங்கியது அதுதான்.

எதோ என்று பெயர் கொண்ட காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1868 வரை, பெரிய குடும்பங்களில் ஒரு பரிசை அப்படியே கையில் எடுத்துப்போய் நீட்ட மாட்டார்கள். அரக்குப் பூச்சுப் பூசிய பெட்டியிலோ தட்டிலோ வைத்து, மேலே இந்தத் துணியைப் போர்த்தி அனுப்புவார்கள். அந்தத் தட்டுக்கு ஹிரோபுதா என்று பெயர். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது துணியைத்தான். அதில் என்ன படம், எந்த விசேஷத்துக்கு, எவ்வளவு நுட்பமாகத் தைத்திருக்கிறது என்று பார்த்து ரசித்த பிறகுதான் உள்ளே இருப்பதை எடுப்பார். தைத்த பட்டில் விரல் படாமல் தூக்கத்தான் குஞ்சம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தட்டும் திரும்பிப் போகும். பரிசு மட்டும்தான் அவர்களுக்கு. அதனால் கொடுத்தவர் வீட்டுச் சின்னம் பின்பக்கம் இருக்கும். நீங்கள் பார்த்த மூன்று இலை அதுதான்.

நூல்கண்டு:
திருப்பிக் கொடுத்துவிடுவார்களா! இவ்வளவு வேலைப்பாடு செய்த துணியைப் பத்து நிமிடம் பார்க்கக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வார்களா?

சோழமண்டலத்தான்:
நம் சீர்த்தட்டு மாதிரிதான். நாமும் தட்டில் வைத்து மேலே பட்டுத்துணி போர்த்தித்தானே கொண்டுபோகிறோம்? எல்லாம் இங்கிருந்து போனதாக இருக்கும்.

கன்சாய்க்காரி:
சோழமண்டலத்தான் அண்ணே, எதை எடுத்தாலும் இங்கிருந்து போனது என்றால் எப்படி? நம் ஊரில் சீர்த்தட்டை மூடும் துணி வெறும் மூடி. அதைப் பார்த்து யாரும் அர்த்தம் சொல்ல மாட்டார்கள். இங்கே துணிதான் கடிதம், பரிசு அதோடு போகிற பார்சல். பொருத்தமில்லாத படத்தைப் போர்த்தி அனுப்பினால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். வந்த படம் புரியாமல் விழித்தால் வாங்கியவருக்கு அவமானம். இரண்டு பக்கமும் பரீட்சைதான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோமே, அந்தப் பழக்கம் இங்கும் இருக்கிறது. தட்டு திரும்பும்போது அதில் ஏதாவது சின்னதாக வைக்க வேண்டும். பெயர் ஓ-உத்சுரி.

பழம்பொருள்_பித்தன்:
இழை சூடாக இருக்கிறது, நானும் வருகிறேன். நூல்கண்டு, உங்கள் விளக்குமாற்றுக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. மாமியாரிடம் தைரியமாகக் காட்டலாம், அது கல்யாணப் படம்.

தகாசகோ என்று ஒரு நோ நாடகம் (நோ என்பது முகமூடி போட்டு ஆடிப் பாடும் பழைய ஜப்பானிய நாடக வகை), ஸெயாமி எழுதியது. கடற்கரைப் பைன் மரத்தடியில் ஒரு கிழவரும் கிழவியும் சருகைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். வழிப்போக்கரான பூசாரி ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். கடைசியில் பார்த்தால் அவர்கள் மனிதர்களே இல்லை, தகாசகோவிலும் சுமியோஷியிலும் நிற்கும் இரண்டு பைன் மரங்களின் ஆவிகள். ஒரு மரம் இன்றைய ஹியோகோ மாகாணக் கரையில், இன்னொன்று ஒசாகா பக்கத்தில். நடுவே இவ்வளவு தூரம் இருந்தும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே மூப்படைந்தவர்கள். அந்த நாடகப் பாட்டைக் கல்யாணத்தில் பாடுவது பெரிய வழக்கம். கிழவர் பெயர் ஜோ, கையில் சருகு வாரும் வாருகோல். கிழவி உபா, கையில் விளக்குமாறு.

"அவர்கள் எங்கே?" என்றுதானே கேட்டீர்கள்? வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இந்த உத்திக்கு ருசு மொயோ என்று பெயர். ருசு என்றால் வீட்டில் ஆளில்லை. ஆளை வரையாமல் அவருடைய சாமானை மட்டும் வரைந்துவைப்பது. கிழவன் கிழவியை முழுதாகத் தைத்தால் குழந்தைக்கும் புரியும். விளக்குமாற்றை மட்டும் வைத்தால், புரிகிறவருக்குப் புரியட்டும் என்று அர்த்தம். எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். ஏழு அதிர்ஷ்ட தேவர்களும் கப்பலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் துணிகளைப் பார்த்தால் கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. குமாதே என்றால் வாருகோல், ஹாகு என்றால் பெருக்குவது. ஹியாகு என்றால் நூறு, குஜூகு மாதே என்றால் தொண்ணூற்றொன்பது வரை. இந்த ஒலிப் பொருத்தத்தை வைத்து ஒரு பழைய சொலவடை உண்டு: "ஓமாயே ஹியாகு மாதே, வாஷா குஜூகு மாதே." நீ நூறு வரை இரு, நான் தொண்ணூற்றொன்பது வரை இருக்கிறேன், இருவருக்கும் தலை நரைக்கும்வரை சேர்ந்திருப்போம் என்று போகும். அந்த இரண்டு கருவிகளில் இத்தனையும் இருக்கிறது.

நூல்கண்டு:
படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். "ஏன் தொண்ணூற்றொன்பது, அவருக்கு மட்டும் ஒன்று குறைவு?" என்று கேட்கிறார்.

ஊசிமுனை:
நான் ஆரி வேலை செய்கிறவள். கதை இருக்கட்டும், எனக்குத் தையலைப் பார்க்க வேண்டும். அந்தத் தங்க ஊசி இலைகளைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட முடியுமா? தங்கம் உரிந்த இடம் இருந்தால் அதையும்.

நூல்கண்டு:
போட்டுவிட்டேன், ஐந்து படங்கள். வாருகோல் கைப்பிடியில் ஒரு இடத்தில் பளபளப்பு போய் வெளுத்திருக்கிறது.

ஊசிமுனை:
நன்றி! பார்த்ததைச் சொல்கிறேன்.

தங்க நூல் துணிக்குள் போகவே இல்லை. மேலே படுக்கவைத்து, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே குட்டிக் குட்டித் தையல் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். நாங்களும் ஜரிகையை இப்படிப் பிடிப்பது உண்டு. ஆனால் இதில் இரண்டு இரண்டு நூலாக ஜோடி சேர்த்துப் படுக்கவைத்திருக்கிறது, அடுத்த வரிசைத் தையல் முந்தின வரிசைத் தையலுக்கு நடுவே விழுகிறது, செங்கல் கட்டுகிற மாதிரி. பிடிக்கிற நூல் ஆரஞ்சு நிறம். அதனால்தான் தங்கம் சூடாகத் தெரிகிறது. வெள்ளை நூலால் பிடித்திருந்தால் இந்தச் செம்மை வந்திருக்காது.

வெளுத்த இடத்தைப் பார்த்தீர்களா? உள்ளே தெரிவது காகிதம். நம் ஜரிகையில் உலோகக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலில் சுற்றுவார்கள். இவர்கள் காகிதத்தில் தங்க ரேக்கை ஒட்டி, அதை மயிரிழை மாதிரி கீற்றாக வெட்டி, பட்டு நூலைச் சுற்றிப் போடுகிறார்கள். காகிதம் என்பதால் துணியில் குத்தி இழுக்க முடியாது, தேய்ந்துவிடும். அதனால்தான் படுக்கவைப்பது. கனமும் இல்லை, பாருங்கள், இவ்வளவு தங்கம் இருந்தும் துணி தொங்கிப்போகவில்லை.

விளக்குமாற்றின் குச்சிகளைத் தங்கத்தில் செய்யவில்லை. முறுக்காத பட்டு இழையில் நீள நீளமாக இழுத்திருக்கிறார்கள். முறுக்கு இல்லாததால் வெளிச்சம் படுகிற கோணம் மாற மாற நிறமும் மாறும். துணியைக் கையில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், நேராக மாட்டினால் இது தெரியாது.

நூல்கண்டு:
சாய்த்துப் பார்த்தேன். அட! பழுப்பு என்று நினைத்த குச்சியில் பச்சை இருக்கிறது.

வெங்கி_நகோயா:
என் தவறை ஒத்துக்கொள்கிறேன். சரி, ஒரு சந்தேகம். எல்லாப் படமும் நீண்ட ஆயுள், நல்ல கல்யாணம் இதுதானா? கொக்கு ஆயிரம் வருடம், ஆமை பத்தாயிரம் வருடம், பைன் மூங்கில் பிளம், இதெல்லாம் இங்கே சாக்லேட் பெட்டியில்கூட இருக்கிறது. சலிப்பாக இல்லையா?

பழம்பொருள்_பித்தன்:
நியாயமான கேள்வி. வாலில் பாசி முளைத்த ஆமையைப் பத்தாவது தடவை பார்க்கும்போது எனக்கும் கொட்டாவி வரும். ஆனால் தேடினால் நல்லது கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது முரசின்மேல் சேவல் நிற்கும் படம். பார்க்க ஏதோ பண்ணைக் காட்சி மாதிரி இருக்கும். கதை சீனாவிலிருந்து வந்தது. யாவ் என்ற ஆதி அரசர் அரண்மனை வாசலில் ஒரு முரசு வைத்தார், ஆட்சியில் குறை இருந்தால் யாரும் வந்து அடிக்கலாம். ஆட்சி நன்றாக இருந்ததால் யாரும் அடிக்கவில்லை. அடிக்கப்படாத முரசில் கோழி குடியேறிவிட்டது. அதாவது நாட்டில் அமைதி. ஒரு பிரபு இன்னொரு பிரபுவுக்கு இதைப் போர்த்தி அனுப்பினால், உங்கள் ஆட்சி அப்படி என்று சொல்லாமல் சொல்வது.

சோழமண்டலத்தான்:
மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி! நான் சொன்னேன் பாருங்கள்.

பழம்பொருள்_பித்தன்:
வருவீர்கள் என்று தெரியும் :) ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் கதையில் பசு மணியை அடித்ததால்தான் சோழனுக்குப் பெருமை. அங்கே அடிக்காமல் விட்டதால் பெருமை. நேர் எதிர்.

கன்சாய்க்காரி:
பெண்வீட்டுச் சீரில் வருவது சிப்பிப் படம். காய்-அவாசே என்று ஒரு விளையாட்டு. 360 கிளிஞ்சல்களை இரண்டு இரண்டாகப் பிரித்து, உள்ளே ஓவியம் தீட்டி, ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சிப்பியின் பாதி வேறெந்தச் சிப்பியின் பாதியோடும் பொருந்தாது, அதனால் கற்புக்கும் பொருத்தத்துக்கும் அடையாளம். பிரபு வீட்டுப் பெண் கல்யாண ஊர்வலத்தில் அந்தச் சிப்பிகளை வைத்த இரண்டு எண்கோணப் பெட்டிகளுக்குத் தனி மரியாதை. ஆண் குழந்தைக்கு என்றால் அருவியில் எதிர்நீச்சல் போடும் கெண்டை மீன், ஏறி முடித்தால் டிராகனாகிவிடும். புத்தாண்டுக்குச் சிங்கி இறால். முதுகு வளைந்திருக்கிறதே, கூன் விழும்வரை வாழ்க என்று வாழ்த்து. நம் ஊரில் இப்படி வாழ்த்தினால் அடி விழும்.

பழம்பொருள்_பித்தன்:
திருப்பித் தருவதுதான் வழக்கம் என்றாலும் மேலிடத்து விஷயம் வேறு. நாராவில் கோன்புயின் என்ற பிக்குணி மடத்தில் 31 பூவேலைத் துணிகள் இருக்கின்றன. அன்றைய ராணுவ ஆட்சித் தலைவரான ஷோகுன் தோக்குகாவா சுனயோஷி தன் துணைவியருள் ஒருவருக்கு விசேஷங்களின்போது பரிசோடு அனுப்பியவை. பின்னால் ஜுய்ஷுனின் என்று அழைக்கப்பட்டவர் அந்த அம்மாள். ஷோகுன் வீட்டுத் துணி என்பதால் அங்கேயே தங்கிவிட்டது, இப்போது முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அரசு பாதுகாக்கிறது. சுனயோஷி 1680 முதல் 1709 வரை ஆண்டவர். நாயைத் துன்புறுத்தினால் தண்டனை என்று சட்டம் போட்டுப் பெயர் கெடுத்துக்கொண்டவர். அவர் அனுப்பிய துணிகளைப் பார்த்தால் ரசனையில் குறை சொல்ல முடியாது.

சோழமண்டலத்தான்:
அப்படியானால் நூல்கண்டு வாங்கியதும் ஒரு பிரபு வீட்டுத் துணியாக இருக்கலாம். 300 வருடப் பழசு என்று வைத்துக்கொண்டால் ஆறாயிரம் யென் கொள்ளை லாபம்!

ஊசிமுனை:
ஆசையைக் கெடுக்கிறேன், மன்னியுங்கள். நான்காவது படத்தில், விளக்குமாற்றைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பாருங்கள். அடிக்கிற ஊதா. மடிப்புக்குள் மங்காமல் இருக்கிற பகுதியைச் சொல்கிறேன். செடியிலிருந்து எடுக்கும் ஊதா இப்படிக் கத்தாது. இது ரசாயனச் சாயம் மாதிரி இருக்கிறது, முதல் ரசாயன ஊதாவே 1856இல்தான் இங்கிலாந்தில் வந்தது.

பழம்பொருள்_பித்தன்:
ஊசிமுனை சொல்வது சரி, நானும் 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்துக்கு முன்னால் போக மாட்டேன். அது ஒன்றும் குறை இல்லை. எதோ காலத்திலேயே பணக்கார வியாபாரிகள் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள், கியோத்தோவில் அது ரொம்ப காலம் நீடித்தது. பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை 1871இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு பழைய வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. வெளிநாட்டார் வாங்கிப்போய் ஓவியம் மாதிரி சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதில்தான் எனக்கு வருத்தம். பெட்டியின் மேல் படிந்து, ஓரங்கள் கீழே சரிந்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய துணி அது. கண்ணாடிக்குப் பின்னால் விறைப்பாக நிறுத்தினால் கிடைப்பது வேறு ஏதோ.

பின்பக்கச் சின்னம் கதபாமி. நம் ஊர்ப் புளியாரைதான், தொட்டி ஓரத்தில் முளைக்குமே, பிடுங்கப் பிடுங்க வரும். அதற்காகவே சின்னமாக வைத்தார்கள், வம்சம் அற்றுப்போகாது என்று. நிறையக் குடும்பங்கள் வைத்திருந்த சின்னம், இதை மட்டும் வைத்து ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

நூல்கண்டு:
புளியாரையா! எங்கள் பாட்டி துவையல் அரைப்பாள்.

300 வருடம் போய் 100 சொச்சம் ஆனதில் வருத்தமில்லை. சலவைக்குக் கொடுக்கலாமா? ஒரு பக்கம் லேசாகக் கறை இருக்கிறது.

ஊசிமுனை:
வேண்டவே வேண்டாம்! தண்ணீர் பட்டால் அந்தச் சிவப்பு உள்துணி முன்பக்கம் ஊறும், காகிதத் தங்கம் உப்பிவிடும். இஸ்திரியும் கூடாது. நான் தெரியாமல் ஒரு பழைய ஜரிகைத் துணியை ஈரத்துணியால் துடைத்துக் கெடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அமிலமில்லாத மெல்லிய காகிதத்தை உருட்டி மடிப்புக்குள் வையுங்கள், ஒரே வரியில் மறுபடி மறுபடி மடிக்காதீர்கள். அறுந்த குஞ்சத்துக்குப் புதிதாகக் கட்டித் தைக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

கன்சாய்க்காரி:
வெயில் படும் சுவரும் ஆகாது. அருங்காட்சியகங்களில் பட்டுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விட மாட்டார்கள், அது கிட்டத்தட்ட மங்கலான அறை. ஆனால் ஒரு தடவையாவது அதன் வேலையைச் செய்யவிடுங்களேன். போர்த்தி ஒரு பரிசு கொடுங்கள். கியோத்தோவில்தானே இருக்கிறீர்கள், பழைய ஆட்களுக்குப் புரியும்.

நூல்கண்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். அவருடைய பேத்திக்குக் கல்யாணம் முடிவானது. கடன் வாங்கிய அரக்குத் தட்டில் ஒரு ஜோடித் தேநீர்க் கிண்ணத்தை வைத்து, மேலே இந்தத் துணியைப் போர்த்தி எடுத்துப்போனேன். படம் அவர் பக்கம் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்தேன், அதை மட்டும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

பாட்டி துணியைத் தொடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். விளக்குமாற்றைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓமாயே ஹியாகு மாதே..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பரீட்சை என்று கன்சாய்க்காரி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "வாஷா குஜூகு மாதே" என்றேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ, பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பேத்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளுக்குப் படம் புரியவில்லை. பாட்டி உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அதில் பாதிதான் விளங்கியது.

மறுநாள் தட்டு திரும்பி வந்தது. துணி நான்காக மடித்து, மேலே வெள்ளைக் காகிதம் கொஞ்சம், அதன்மேல் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டி எதற்கு? மறந்து வைத்துவிட்டாரோ?

கன்சாய்க்காரி:
மறக்கவில்லை! ஓ-உத்சுரி என்று சொன்னேனே, இதுதான். கந்தகத்துக்கு இங்கே இஓ என்று பெயர், கொண்டாடுவது இவாவு, ஒலி ஒன்றுபோல வருவதால் நல்ல வாழ்த்து. முன்பு கந்தகம் தோய்த்த மரச்சிராய் வைப்பார்கள், பிறகு தீப்பெட்டி ஆனது. இதை இன்னும் செய்கிற வீடு பார்ப்பது அபூர்வம். பாட்டியை விட்டுவிடாதீர்கள்.

சோழமண்டலத்தான்:
நம் ஊரில் பாத்திரத்தில் சர்க்கரை போடுவோம். தீப்பெட்டி கொடுத்தால் சண்டைதான் வரும். சரி, இதில் மட்டும் இங்கிருந்து போனது என்று சொல்லவில்லை.

வெங்கி_நகோயா:
வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் இப்போது?

நூல்கண்டு:
ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று வாசலில் இலை கூட்டும்போது கேட்காமலே வந்து முறத்தைப் பிடித்தார். மாமியார் வியாழக்கிழமை வருகிறார். துணியை எங்கே வைப்பது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை, இப்போதைக்குப் பெட்டிக்குள்.